வீட்டைத் தூக்கி வைக்க ஓர் அனுமதி

வீடு கட்ட அனுமதி எடுத்துக் கொடுப்பது என் தொழில். எப்போதோ கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு அனுமதி எடுக்கப் போகும்வரை அது சுலபமான தொழில் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் வீடுகளுக்கு வரைபடம் கீறுகிறவள். கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே என் அலுவலகம். கீழே ரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே நான் யாரோ ஒருவரின் சமையல் குசினியை இரண்டு அடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பேன். கீறிய படம், எங்கே எவ்வளவு கட்டலாம் என்கிற நகரத்தின் வலயச் சட்டத்துக்குள் அடங்கினால் நேரே பெர்மிற் கிடைக்கும். சுவருக்கும் வேலிக்கும் இடைவெளி போதாது, கூரை உயரம் கூடிவிட்டது என்று ஏதாவது வந்தால், விதிவிலக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அதன் முன்னால் போய், "கொஞ்சம்தான் மீறுகிறோம்" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். பணிவு எனக்கு இயல்பாக வராது. சோற்றுக்காகப் பழகிக்கொண்டேன்.

பின்வளவில் மரத்தளமாக ஒரு டெக் போடவும், வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கிற பேஸ்மென்றுக்குத் தனிக்கதவு வைக்கவும் அனுமதி கேட்டு அலைந்து களைத்தவர்களே, இது உங்களுக்காக. மற்றவர்களுக்கு நான் கூட்டிச் சொல்வதாகத் தோன்றும். நான் குறைத்துத்தான் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சும்மா வந்த வீடு

ராசன் அண்ணை மாநகர பஸ் ஓட்டுபவர். ஒவ்வொரு நாளும் பஸ் ஓட்டிப் போகிற வழியில் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு முன்றலில் பலகை ஒன்றைக் கண்டிருக்கிறார்: 'வீடு இலவசம். நீங்களே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.' பழைய வீடுகள் நான்கை வாங்கி, இடித்துவிட்டு, வரிசை வீடுகள் கட்டப்போகிற ஒரு நிறுவனம் வைத்த பலகை அது. மூன்று செங்கல் வீடுகள். நான்காவது வீட்டுக்கு மரச் சட்டமும் பலகைச் சுவரும். மாடி இல்லை. கட்டுக்குலையாமல் நின்றது. அதை இடித்து அள்ளுவதைவிட யாராவது தூக்கிக்கொண்டு போனால் அவர்களுக்கு வேலை மிச்சம்.

ராசன் அண்ணையிடம் மல்வேர்ன் பக்கம் ஒரு வெறுங்காணி இருந்தது. உக்கிப்போன வீடு ஒன்றோடு வாங்கியது. ஆபத்தென்று சொல்லி நகரசபை அந்த வீட்டை இடிக்க வைத்துவிட்டது. புதிதாகக் கட்ட வசதியில்லை. அவரும் மனைவி லீலா அக்காவும் மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார்கள். கனடா வந்த நாளிலிருந்து அவர்களுக்கு பேஸ்மென்ற் வாழ்க்கைதான். தெருக்கள் மட்டும் மாறின. இந்த இலவச வீட்டைத் தங்கள் காணியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். பனி விழத் தொடங்குமுன் எடுக்காவிட்டால் நிறுவனம் அதையும் இடித்துவிடும். இவ்வளவையும் ராசன் அண்ணை என் அலுவலகத்துக்கு வந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பக்கத்துக் கதிரையில் லீலா அக்கா இருந்தார். எத்தனை அறை வேண்டும், குசினி எந்தப் பக்கம் வேண்டும் என்று எல்லாரிடமும் கேட்பதை நான் அவரிடமும் கேட்டேன். நிற்கிற வீட்டைத்தான் கொண்டுவரப் போகிறார்கள் என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"தலைக்கு மேலை ஒருத்தரும் நடக்காத வீடா இருந்தாக் காணும், தங்கச்சி. மற்றதெல்லாம் எப்பிடி இருந்தாலும் நான் சமாளிப்பன்."

புதுசா, பழசா

வழக்கமான வாடிக்கையாளர்களின் வீடு படத்தில் மட்டும்தான் இருக்கும். இடைவெளி போதாவிட்டால் சுவரைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடுவேன். "அறை சின்னனாப் போச்சே" என்று ஒரு முகச்சுளிப்பு வரும், அவ்வளவுதான். இந்த வீடோ ஏற்கெனவே நிற்கிறது. காணியின் அகலத்துக்கு அது ஒன்றரை அடி கூட. கிழக்குப் பக்கம் கார் போக வழி விட்டால், மேற்குப் பக்கம் வேலியை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்தைச் சீவி எடுக்க முடியாதா என்று ராசன் அண்ணை கேட்டார். வீடு தூக்குகிற ஒப்பந்தக்காரரிடம் நானும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். குழுவின் முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை.

நகரசபையில் விண்ணப்பம் வாங்குகிற கருமபீடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். காணியில் இப்போது என்ன கட்டடம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் என்ன கட்டப்போகிறீர்கள் என்றார். ஒன்றும் கட்டப்போவதில்லை, கட்டியாயிற்று என்றேன். எங்கே என்றார். அஜின்கோர்ட்டில் என்றேன். அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து உள்ளே போய்த் தன் மேலதிகாரியையும் பார்த்துவிட்டு வந்தார். நல்ல பிள்ளை. என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது போலத்தான் தெரிந்தது.

"மேடம், இது புது வீடா, பழைய வீடா? இரண்டில் ஒன்றைத்தான் என்னால் அழுத்த முடியும்."

வேண்டாத கீழ்வீடு

முதற் படத்தைக் கீறி விரித்து வைத்தேன். லீலா அக்கா அதைக் கனநேரம் பார்த்துவிட்டு அடிப்பாகத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். பேஸ்மென்ற் என்றேன். வேண்டாம் என்றார். அழித்துவிடச் சொன்னார். இந்த நாட்டில் பனிக்காலத்தில் நிலம் ஆழத்துக்கு உறையும், அத்திவாரம் அதற்குக் கீழே போக வேண்டும், அவ்வளவு ஆழம் தோண்டிய பிறகு அதை மண் போட்டு மூடுவது வீண் வேலை என்றெல்லாம் விளக்கினேன். நான் விளக்க விளக்க அவருடைய முகம் இறுகியது.

ராசன் அண்ணைக்கோ அடிப்பாகத்தில்தான் கண். வாடகைக்கு விட்டால் கடன் கட்ட உதவும் என்பது அவர் கணக்கு. அதை மனைவிக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். கணவன் மனைவிச் சண்டையில் படம் கீறுகிறவள் எந்தப் பக்கம் நிற்பது? நான் பென்சிலைக் கூர் தீட்டினேன். கடைசியில் லீலா அக்காதான் விட்டுக்கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"சரி, கிடந்திட்டுப் போகட்டும். ஆனால் உடுப்புத் தோய்க்கக்கூட நான் அதுக்குள்ளை இறங்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

எந்தக் கதவு வாசல்?

வாரம் ஒன்று போகவில்லை, ராசன் அண்ணை திரும்பி வந்தார். காணி தெற்குப் பார்த்தது. வீட்டை வைத்தால் முன்கதவும் தெற்குப் பார்க்கும். லண்டனில் இருக்கிற அவருடைய தமையன் தொலைபேசியில், தெற்கு வாசல் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். "எப்பிடியும் தூக்கத்தானே போறாங்கள். தூக்கினதோடை அப்பிடியே ஒருக்காத் திருப்பி வைக்கச் சொல்லுவம்" என்றார், ஏதோ கட்டிலைத் திருப்பிப் போடுவது போல. திருப்பினால் முன்கதவு கார்ப்பாதையைப் பார்க்கும், தெருவுக்குத் தெரிவது படுக்கையறைச் சுவராக இருக்கும், ஒன்றரை அடி மீறல் பத்து அடி மீறலாகும். குழு படத்தைப் பார்த்த உடனேயே தூக்கி எறிந்துவிடும். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, கோயில் ஐயரின் தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள் என்றேன்.

ஐயரோடு நேரடியாகவே கதைத்தேன். ஸ்காபரோ வீடுகளுக்குப் பொதுவாகக் கார்ப்பாதைப் பக்கம் இன்னொரு கதவு இருக்கும். இந்த வீட்டுக்கும் இருக்கிறது. அது கிழக்குப் பார்க்கும். அதை வாசலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. இந்தக் கேள்வியை அவர் எத்தனை பேரிடமிருந்து கேட்டுக் களைத்திருக்கிறாரோ.

"வீட்டுக்காரர் எந்தக் கதவாலை போய் வருகினமோ அதுதான் பிள்ளை வாசல். இந்த நாட்டிலை முன்கதவுக்கு வாறது தபால்காரனும் பீட்சாக்காரனும்தானே."

அறிவித்தல் பலகை

விதிவிலக்குக் கேட்பவர்கள் தங்கள் காணியில் அறிவித்தல் பலகை நட வேண்டும். அயலவர்கள் பார்த்து, விருப்பமென்றால் எதிர்க்கலாம். இந்தப் பலகையை நட்டால் அயலவர்களுக்கு முன்பு யார் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தமிழ் வீட்டு விற்பனை முகவர்கள்தான். வெறுங்காணி, அதில் ஒரு பலகை, விட்டுவிடுவார்களா? ராசன் அண்ணை பஸ் ஓட்டும்போது தொலைபேசியைத் தொடக்கூடாது. ஓய்வு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் முகவர்களின் அழைப்பாகவே கிடந்ததாம்.

காணி விற்பனைக்கில்லை, வேறோர் இடத்திலிருந்து வீடு வரப்போகிறது என்று எல்லாருக்கும் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஒருவர் மட்டும் மனம் தளரவில்லை. அவர் சொன்னதை ராசன் அண்ணை என் அலுவலகத்தில் நடித்தே காட்டினார்.

"காணியை விக்கிறதெண்டாலும் நானிருக்கிறன் அண்ணை. வீட்டைக் கொண்டு வாறதெண்டாலும் பிரச்சினையில்லை. வரட்டும், வந்த உடனை விப்பம்."

பக்கத்து வளவுக்காரர்

பலகையை உண்மையாகவே வாசித்த அயலவர் ஒருவர்தான். மேற்குப் பக்கத்து வளவுக்காரர் கணேசலிங்கம். வீட்டுக்கும் வேலிக்கும் இடைவெளி குறைகிற பக்கம் அவருடையது. முன்பிருந்த சின்ன வீட்டை இடித்துவிட்டுப் பெரிய கல்வீடு ஒன்று கட்டியிருந்தார். அந்த வீட்டுக்குப் படம் கீறியவளும் நான்தான். கூரை உயரம் கூடிப்போய், அதே குழுவின் முன்னால் நின்று விதிவிலக்கு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

அவர் எனக்கு அழைத்து, பழைய பலகை வீடு பக்கத்தில் வந்தால் தன் வீட்டு மதிப்பு விழுந்துவிடும், விசாரணையில் எதிர்க்கப் போகிறேன், முற்கூட்டியே சொல்லிவைக்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் கூரையை அன்றைக்கு அயலவர்கள் எதிர்த்தபோது நாங்கள் என்ன சொன்னோம் என்று ஞாபகப்படுத்தினேன். 'சின்ன மீறல், யாருக்கும் பாதிப்பில்லை' என்ற வசனத்தை அவரும் நானும் சேர்ந்துதான் எழுதினோம்.

"அது அப்ப, தங்கச்சி. அப்ப நான் அனுமதி கேட்ட ஆள். இப்ப நான் பக்கத்து வீட்டுக்காரன்."

பொங்கிய பால்

ஐப்பசியில் ஒரு நாள் காலை, வீட்டை இலவசமாகக் கொடுத்த நிறுவனத்தின் மேலாளர் மைக்கேல் அழைத்தார். "உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குள் நெருப்பு மூட்டியிருக்கிறார்" என்றார். நான் பதறிக்கொண்டு ஓடினேன். என் அலுவலகத்திலிருந்து அது பக்கம்தான். வாசலில் தீயணைப்பு வண்டி நிற்கிறது. வீட்டுக்குள் ராசன் அண்ணை வேட்டியோடு, லீலா அக்கா பட்டுச்சேலையோடு. நடுவே ஒரு காஸ் அடுப்பு, அதன்மேல் பொங்கி வழிந்த பால்பானை, பக்கத்தில் கர்ப்பூரம், சாம்பிராணிப் புகை. ஐயர் பார்த்துச் சொன்ன நாளாம். அதை விட்டால் தை மாதம் வரைக்கும் பால் காய்ச்ச நல்ல நாள் கிடையாதாம். அளவெடுக்க மைக்கேல் கொடுத்த கதவுத் திறப்பு கையில் இருந்திருக்கிறது. வீடு எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைப் பற்றி இருவருக்கும் ஒரு யோசனையும் இல்லை. யன்னலால் புகை வருவதைக் கண்ட முன்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார்.

தீயணைப்பு வீரர்கள் பானையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மைக்கேல் அப்படிப் போகவில்லை. காப்புறுதிக்காரருக்கு நான் என்ன சொல்வேன் என்று கத்தினார். திறப்பைத் திருப்பி வாங்கினார். இனிப் பனிவரை எல்லாம் காத்திருக்க முடியாது, குழுவின் விசாரணையில் அனுமதி கிடைக்காவிட்டால் அடுத்த நாளே இடிக்கச் சொல்வேன் என்றார். இவ்வளவு பாடுபட்டும் ஒரு சட்டிப் பாலால் எல்லாம் போகப்போகிறதே என்று ராசன் அண்ணை மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

லீலா அக்கா குனியவில்லை. ஒரு பேப்பர் குவளையில் பாலை வார்த்து மைக்கேலிடம் நீட்டினார். கோபத்தோடு வாங்கினாலும் வாங்கிவிட்டார். அனுமதி வருமுன் ஏன் இப்படிச் செய்தீர்கள், வராமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். லீலா அக்கா தமிழில் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்.

"பால் நல்லாப் பொங்கிச்சுது, எங்கடை பக்கத்து அலுவல் முடிஞ்சுது. இனி நகரசபையின்ரை பக்கம்தான் மிச்சம் எண்டு சொல்லுங்கோ."

விசாரணை

விசாரணை காணொளியில் நடந்தது. முதல்நாள் ராசன் அண்ணை, அது இராகு காலத்தில் வருகிறது, தள்ளிப்போட முடியாதா என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் அவர்கள் தங்கள் பேஸ்மென்றிலிருந்தும், நான் அலுவலகத்திலிருந்தும், கணேசலிங்கம் தன் கல்வீட்டிலிருந்தும் சேர்ந்தோம். மீறல் சின்னதா, நகரத் திட்டத்தின் நோக்கம் கெடுமா, வலயச் சட்டத்தின் நோக்கம் கெடுமா, அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று குழு பார்ப்பது நாலு விஷயம். நாலுக்கும் பதில் சொன்னேன். கணேசலிங்கமும் நன்றாகத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தார். பழைய வீடு, நெருக்கம், வெளிச்சம் குறையும் என்று அடுக்கினார். குழுவில் இருவர் தலையாட்டினார்கள். அஜின்கோர்ட்டில் அந்த வீடு அடுத்த நாள் நிற்குமா என்பது அந்தத் தலையாட்டலில் இருந்தது.

வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று குழுத் தலைவி கேட்டார். லீலா அக்கா மைக்கைத் திறந்தார். திறந்ததும் தடதடவென்று ஒரு சத்தம் எல்லாருடைய அறைக்குள்ளும் வந்து விழுந்தது. அங்கே ஏதும் கட்டட வேலை நடக்கிறதா என்று தலைவி கேட்டார். இல்லை, மேல்வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், இன்று பள்ளிக்கூடம் லீவு, நிற்கும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்றார் லீலா அக்கா, தெரிந்த ஆங்கிலத்தில். எல்லாரும் பொறுத்தோம். சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது. குழு முழுக்கத் தங்களுடைய கூரையை நிமிர்ந்து பார்த்ததை நான் திரையில் கண்டேன். லீலா அக்கா மட்டும் நிமிரவில்லை. கையை மடித்து வைத்துக்கொண்டு இருந்தார். சத்தம் நிற்கிற பாடாகத் தெரியவில்லை. பிள்ளைகளை விட உரத்துப் பேச அவருக்கு மனமில்லை. "தாங்க் யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை மூடிவிட்டார்.

கணேசலிங்கத்திடம், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி கேட்டார். இல்லை என்றார். வேலியோரம் செடி நட வேண்டும், மேற்குச் சுவரில் புது யன்னல் வைக்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு குழு அனுமதி கொடுத்தது. சட்டப்படி அந்தச் சத்தத்துக்கும் வேலி இடைவெளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குழுவின் முடிவிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கதிரையில் சாய்ந்து, வெட்கமில்லாமல் கொஞ்சம் அழுதேன். பின்னேரம் கணேசலிங்கம் அழைத்தார்.

"நானும் வந்த புதுசிலை கனகாலம் பேஸ்மென்றிலைதான் இருந்தனான், தங்கச்சி. அந்தச் சத்தத்தைக் கேட்ட உடனை சொல்ல வந்ததெல்லாம் மறந்து போச்சு."

தெருவில் வந்த வீடு

முதற்பனி தூவிய ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வீடு புறப்பட்டது. மைக்கேலும் வந்திருந்தார். இரும்பு உத்தரங்களின் மேல் ஏற்றி, கீழே சக்கரங்கள் பூட்டி, ஒரு ட்ரக் இழுக்க, முன்னும் பின்னும் பொலிஸ் கார்கள் போக, வீடு ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. தெருவுக்குக் குறுக்கே போகிற வயர்களைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர். யன்னல் திரைச்சீலைகளைக் கழற்ற மறந்திருந்தார்கள். அவை ஆடிக்கொண்டு வந்தன. லீலா அக்கா நடைபாதையில் வீட்டுக்குச் சரிசமமாக நடந்தார். காரில் ஏறச் சொன்னேன், கேட்கவில்லை. சந்தி ஒன்றில் வீடு திரும்பும்போது கூரை ஓரம் விளக்குக் கம்பத்தை உரசப் போக, நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.

அது ராசன் அண்ணை ஓட்டுகிற பஸ் பாதை. அவர் லீவு எடுத்திருந்தார். அவருக்குப் பதிலாக ஓட்டியவர் அவருடைய சிநேகிதர். அன்றைய முதல் பஸ் வீட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முந்த இடமில்லை. விடிய வேலைக்குப் போகிற சனம் பஸ்ஸின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு படம் பிடித்தது. சிநேகிதர் பக்க யன்னலைத் திறந்து, தெருவோரம் நடந்துகொண்டிருந்த ராசன் அண்ணையைக் கூப்பிட்டார்.

"பஸ் பிந்தி வந்ததாலை வீட்டுக்குப் பிந்தினவையைக் கண்டிருக்கிறன் ராசன். வீட்டாலை பஸ்ஸைப் பிந்தப் பண்ணினவன் நீ ஒருத்தன்தான்."

விருந்துக்குப் போனேன்

பனிக்காலம் முழுக்க வீடு மரக்கட்டை அடுக்குகளின் மேல் நின்றது. இளவேனிலில் அதற்குக் கீழே அத்திவாரம் எழும்பி, வீட்டை மெல்ல இறக்கி வைத்தார்கள். கோடையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கிழக்குக் கதவால் உள்ளே போனேன். ராசன் அண்ணை சொக்ஸோடு, பூனை மாதிரி நடந்து வந்து வரவேற்றார். வீடு முழுக்க தடித்த கம்பளம் விரித்திருந்தது. கதிரைகளின் காலுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தது. ஏதும் வருத்தமா, யாரும் படுக்கையிலா என்று கேட்டேன். இல்லையென்று கையைக் காட்டிவிட்டு என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

கீழே குடி வந்திருக்கிறதாம். இரவு முழுக்கத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஓர் இளம் தம்பதி. இவர் வாடகைக்கு விடுவோம் என்றபோதெல்லாம் முடியவே முடியாது என்று நின்ற லீலா அக்கா, அந்தப் பிள்ளைகள் இடம் தேடி வாசலில் வந்து நின்றதைக் கண்டதும், தானே கீழே இறங்கிப் போய் விளக்கைப் போட்டுக் காட்டித் திறப்பையும் கொடுத்துவிட்டாராம். அன்றையிலிருந்து பகலில் மிக்சி இல்லை, தொலைக்காட்சிக்குச் சத்தம் இல்லை. இதை ராசன் அண்ணை காதுக்குள் முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. லீலா அக்காவைக் காணும் ஆசையில் குசினியை நோக்கி இரண்டு எட்டு வேகமாக வைத்துவிட்டேன். அவர் அகப்பையோடு வெளியே வந்து, என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெல்ல நடவுங்கோ, தங்கச்சி. கீழை பிள்ளையள் படுத்திருக்கினம்."

ஒரு முழு வீட்டை ஊருக்கு நடுவே இழுத்துக்கொண்டு வர அனுமதி எடுத்துக் கொடுத்த எனக்கு, அதே வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்க மட்டும் இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை.